கானகத் தரையும் ஒளிப்படக் கலையும்

காட்டிற்குச் செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்தே நடக்கின்றனர். மரத்தின் உயரம் அவர்களை வியப்பில் ஆழ்த்துகின்றது. கிளையில் அமர்ந்த பறவையின் நிறம் அவர்கள் கண்ணைக் கவர்கின்றது. காலடியில் கிடக்கும் சருகினைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், காட்டின் வாழ்வு அச்சருகினை நம்பியே நடைபெறுகின்றது. உதிர்ந்த இலையைக் காளான் மெத்தென ஆக்குகின்றது; கரையான் அதனை அரிக்கின்றது; மரவட்டை தின்று பொடியாக்குகின்றது. இவ்வாறு மண்ணோடு மண்ணாகிய இலையின் சத்தினை மரத்தின் வேர் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. மேலே தழைத்து நிற்கும் பசுமைக்குக் கீழே நடக்கும் இவ்வேலையே அடிப்படையாகும்.

இச்சிறிய உலகினைக் கண்டு மகிழவும், கண்டதைப் பிறர்க்குக் காட்டவும் நமக்கு வாய்த்துள்ள கருவிகளுள் ஒன்று ஒளிப்படக் கருவி. ஒரு விரல்நுனி அளவே உள்ள காளானையும், கடுகினும் சற்றே பெரிய பூச்சியையும் அருகிற் சென்று எடுக்கும் படத்தினை அண்மைப் படம் என்பர். அத்தகைய படத்தினை எவ்வாறு அமைப்பது, எடுத்தபின் எவ்வாறு திருத்துவது, திருத்துவதில் எந்த எல்லையைக் கடத்தலாகாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இக்கலையைப் பயிலப் புதுச்சேரி நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற இடங்களாகும். சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலப்பகுதியில் முற்காலத்தே ஒருவகைக் காடு பரவியிருந்தது. அதனை உலர் பசுமைமாறாக் காடு என்று அறிஞர் அழைப்பர். ஆண்டில் பல திங்கள் மழையின்றி வறண்டிருப்பினும், இக்காட்டு மரங்கள் ஒருசேர இலையுதிர்ந்து மொட்டையாவதில்லை. காயா, வீரை, கருங்காலி முதலியன இக்காட்டிற்குரிய மரங்கள். உழவும் ஊரும் பெருகப் பெருக இக்காடு சுருங்கிற்று. இன்று இதன் எச்சங்கள் பெரும்பாலும் கோயில்களைச் சூழ்ந்த காவுகளிலேயே காணப்படுகின்றன. தெய்வத்திற்கு உரிய மரம் என்ற எண்ணமே அவற்றைக் கோடரியினின்றும் காத்தது.

புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு இத்தகைய எச்சங்களுள் பெயர்பெற்றதாகும். புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இக்காட்டின் மரங்களை அளவெடுத்து ஆராய்ந்துள்ளனர். 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில்லில், மண் அரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்த செம்மண் மேட்டில் இக்காட்டு மரங்களை மீண்டும் நட்டு வளர்த்துள்ளனர். நகரைவிட்டு வெளியே செல்ல இயலாதவர்க்கு, 1826-ஆம் ஆண்டில் தோன்றிய தாவரவியல் பூங்கா நகரினுள்ளேயே உள்ளது. அங்கும் மரநிழல் உண்டு, சருகு உண்டு, சருகினுள் உயிரும் உண்டு.

புதுச்சேரிக்கும் ஒளிப்படத்திற்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். பிரெஞ்சு நாட்டினரான தாகேர் என்பாரின் ஒளிப்பட முறை 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் பாரிசு நகரில் யாவரும் அறிய வெளியிடப்பட்டது. அந்நாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சி 1954-ஆம் ஆண்டில் நீங்கியபின், 1955-இல் இந்நகரில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தார் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படம் எடுத்துத் தொகுத்தனர். அத்தொகுப்பில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அதே நிறுவனத்தில் உலர்த்திய செடிகொடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் தாவரத் தொகுப்பும் இருக்கின்றது.

சிற்பத்தின் படமும் உலர்ந்த செடியும் எவ்வாறு பயன்படுகின்றன? அழகினால் மட்டும் அன்று. ஒரு சிற்பம் களவு போயின், அது முன்னிருந்த இடத்தைக் காட்டப் பழைய படம் உதவும். ஒரு செடி ஓரிடத்தில் அழிந்துபோயின், அங்கு அது ஒருகாலத்தில் வளர்ந்தது என்பதை உலர்ந்த தாள் உரைக்கும். இவை சான்றுகள். சான்று பொய்யாயின் அதனால் கேடேயன்றிப் பயன் இல்லை. கானகத் தரையை நாம் எடுக்கும் சிறு படமும் இத்தகைய சான்றேயாகும். இதனை மனத்திற்கொண்டே நாம் மேலே செல்லல் வேண்டும்.

இனி, படம் எடுக்கும் முறையைக் காண்போம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், மாணவன் ஒருவன் காவினுள் செல்கின்றான் என்று கொள்வோம். அவன் முதற்கண் செய்யவேண்டுவது கருவியை வெளியே எடுப்பது அன்று, நின்று பார்ப்பதாகும். முழங்காலிடுமுன் சருகினை நன்கு நோக்குதல் வேண்டும். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் சருகின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்க வல்லவை. பெரியோர் துணையும் இடத்திற்கு உரியவர் இசைவும் இன்றிக் காவினுள் புகுதல் ஆகாது.

சிறிது நேரம் அசையாது நின்றால், வெறுந்தரையாகத் தோன்றியது மெல்லமெல்ல உயிர்பெறும். பட்ட கிளையொன்றில் வெண்காளான் முளைத்திருக்கும். மணலில் குழியானை தோண்டிய சிறுகுழி தெரியும். செந்நிற வெல்வெட்டுத் துணியில் வெட்டியெடுத்த துணுக்குப் போல ஒரு பூச்சி ஊர்ந்து செல்லும். இதனைத் தம்பலப்பூச்சி என்பர். பழந்தமிழர் மூதாய் என்றனர். பூச்சி என்று பெயர் பெறினும், வளர்ந்த நிலையில் இதற்குக் கால்கள் எட்டு. ஆகவே இது சிலந்தியின் இனத்தைச் சேர்ந்ததாகும்.

இத்தகைய சிற்றுயிரைப் படம் எடுப்பதில் உள்ள முதல் இடர் ஆழக் குறைவு ஆகும். தொலைவிலுள்ள மலையைப் படம் எடுக்கும்போது முன்னும் பின்னும் உள்ளவை பலவும் தெளிவாக விழுகின்றன. பொருளை நெருங்க நெருங்க, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் குறைந்துகொண்டே வரும். பொருளின் உண்மை அளவே கருவியினுள் உள்ள ஒளியுணர் தகட்டிலும் விழுமாறு எடுக்கும்பொழுது, அவ்வாழம் பெரிய கருவிகளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பூச்சியின் கண் தெளிவாக இருப்பின் முதுகு மங்கிவிடும். முதுகு தெளிவாயின் கண் மங்கும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. வில்லையின் துளையைக் குறுக்கினால் ஆழம் சிறிது கூடும். ஆனால் ஒளி குறைவதால் நெடுநேரம் திறந்துவைக்க நேரும். அப்பொழுது கை நடுங்கினும் காற்று வீசினும் படம் கலங்கும். அன்றியும், துளை மிகக் குறுகின் ஒளி விளிம்பில் வளைந்து, படம் முழுவதும் கூர்மை இழக்கும். இரண்டாவது வழி, பொருளின் நீளப்பாங்கிற்கு இணையாகக் கருவியைப் பிடிப்பது. மரவட்டையைத் தலைப்புறத்திலிருந்து எடுத்தால் தலை மட்டுமே தெளியும். பக்கவாட்டில் எடுத்தால் உடல் முழுவதும் தெளியும். மூன்றாவது வழி, எல்லாம் தெளிய வேண்டும் என்ற ஆசையை விடுத்து, எது தெளியவேண்டும் என்று தேர்ந்துகொள்வது. உயிர்களின் படத்தில் கண் தெளிந்திருத்தல் நன்று. காளானின் படத்தில் குடையின் விளிம்போ, அதன் கீழுள்ள மடிப்புக்களோ தெளிந்திருக்கலாம்.

கருவியை நிலைநிறுத்த விலையுயர்ந்த முக்காலி வேண்டுவதில்லை. துணிப்பையில் அவரை விதையோ அரிசியோ நிரப்பித் தரையில் வைத்து, அதன்மேல் கருவியை அமர்த்தலாம். கைப்பேசியில் எடுப்போர்க்கு ஒரு நன்மை உண்டு. அதன் ஒளியுணர் தகடு மிகச் சிறியதாதலின், ஒரே காட்சியை எடுக்கும்போது பெரிய கருவியைவிட அதில் ஆழம் மிகுதியாகக் கிடைக்கும்.

அடுத்து ஒளியைப் பற்றி அறிதல் வேண்டும். நண்பகலில் இலைகளினூடே விழும் வெயில், தரையில் வெண்புள்ளிகளைத் தெளிக்கும். அப்புள்ளிகள் படத்தில் பார்வையை அங்குமிங்கும் அலைக்கும். மேகம் கவிந்த நாளும், காலை வேளையும் ஏற்றவை. வெயில் மிகின் ஒரு குடையைப் பிடித்து நிழல் செய்யலாம். இருள்பட்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்தால், அதிலிருந்து திரும்பும் ஒளி நிழலை மென்மையாக்கும்.

கருவி தானே ஒளியை அளந்துகொள்ளும் என்று நம்பி இருந்துவிடலும் ஆகாது. கரிய சருகின் நடுவே வெண்காளான் நின்றால், கருவி சருகின் இருளையே பெரிதும் அளந்து, காட்சியை வெளிச்சமாக்க முயலும். அதனால் காளான் வெளிறி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இத்தகைய இடங்களில் ஒளியைச் சற்றே குறைத்து எடுத்தல் வேண்டும். பசுந்தழைகளின் கீழ் எடுக்கும் படத்தில் பச்சைச் சாயலும் ஏறும். முதற்படத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொண்டால், பின்னர் நிறத்தைச் சீர்செய்ய அத்தாளே அளவுகோலாக உதவும்.

இனிப் படத்தின் அமைப்பு. நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படத்தில் காளான் ஒரு பொத்தானைப் போலத் தோன்றும். தரையோடு தரையாகத் தாழ்ந்து, அதன் உயரத்திலிருந்து நோக்கின், அதுவே மண்டபத்துத் தூணைப் போல நிமிர்ந்து நிற்கும். ஆதலின், எவ்வுயிரை எடுக்கின்றோமோ அவ்வுயிரின் கண்மட்டத்திற்கு இறங்குதல் வேண்டும். ஒரு படத்தில் ஒரு பொருளே தலைமை பெறவேண்டும். ஊரும் பூச்சிக்கு முன்புறத்தில் சிறிது வெளி விடுதல் வேண்டும். இன்றேல் அது சுவரில் முட்டி நிற்பது போலத் தோன்றும். பின்புலத்தில் வெளிறிய குச்சியொன்று பூச்சியின் தலையில் முளைத்தாற்போலக் காணப்படின், கருவியை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே போதும், அது மறைந்துவிடும்.

இங்கு ஓர் அறிஞரை நினைவுகூர்தல் பொருந்தும். மா. கிருஷ்ணன் என்பார் 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானை முதலிய கானுயிர்களைப் படம் எடுப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல கருவிகளின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியொன்றை அவர் பயன்படுத்தினார். அவருடைய படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. நிறத்தின் துணையின்றி, வடிவும் ஒளியும் நிழலும் கொண்டே அவை பேசுகின்றன. நாமும் நம் படத்தினை ஒருமுறை கருப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். அப்பொழுதும் தலைமைப் பொருள் தெளிவாகத் தெரிந்தால் அமைப்பு நன்று; சருகோடு கலந்து மறைந்துபோனால், நிறத்தை நம்பியே எடுத்தோம் என்று உணரலாம்.

இப்போது ஒரு வினா எழுகின்றது. நம் மாணவன் கண்ட வெண்காளானுக்கு ஒரு சாண் தொலைவில், கோயிலுக்கு வந்தவர் எறிந்த பிளாஸ்டிக் உறை ஒன்று கிடக்கின்றது என்று கொள்வோம். அவன் செய்யத்தக்கது யாது? கருவியைத் திருப்பி, உறை படாமல் எடுக்கலாம். எப்படமும் உலகின் ஒரு சிறு பகுதியையே காட்டுமாதலின், இவ்வாறு விலக்குதல் குற்றமன்று. ஆயினும், அக்காவு மாசற்று விளங்குகின்றது என்று சொல்வதற்கு அப்படத்தைக் காட்டுவானாயின், படம் மெய்யாக இருந்தும் அவன் சொல் பொய்யாகும். ஆகவே அவன் இரண்டு படங்கள் எடுத்தல் நலம். ஒன்று காளானின் அழகைக் காட்டும் அண்மைப் படம். மற்றொன்று, காளானும் உறையும் சேர்ந்து கிடக்கும் சூழலைக் காட்டும் படம். இரண்டும் எடுத்தபின் அவ்வுறையை எடுத்துச் சென்று குப்பைத் தொட்டியில் இடுவானாயின், அவன் செயல் முழுமை பெறும்.

படத்திற்காக உயிரை வருத்துதல் ஒருபோதும் கூடாது. பூச்சியைக் குளிரூட்டி மயங்கச்செய்து எடுப்பதும், காளானைப் பிடுங்கி நல்ல பின்புலத்தில் நட்டுவைப்பதும், கூட்டைக் கலைப்பதும் இக்கலைக்கு இழுக்காகும். கல்லைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தால், அதனை முன்போலவே மெல்ல வைத்துவிடுதல் வேண்டும். அதன் ஈரத்தையும் இருளையும் நம்பி வாழும் உயிர்கள் பல.

வீட்டிற்கு வந்தபின் திருத்தும் வேலை தொடங்குகின்றது. திருத்தத்தின் முதற்படி தேர்ந்தெடுப்பதாகும். எடுத்த படம் 50 ஆயினும், காட்டத்தக்கவை மூன்றோ நான்கோதான் இருக்கும். கலங்கியதை நீக்குக, ஒன்றுபோல் இருப்பனவற்றுள் சிறந்ததை மட்டும் கொள்க. இரண்டாம் படி ஓரங்களை நறுக்குதல். விளிம்பில் பாதியாக நிற்கும் இலையும், மூலையில் பளிச்சிடும் ஒளியும் நறுக்கினால் நீங்கும். மூன்றாம் படி ஒளியையும் நிறத்தையும் சீர்செய்தல். மூலப்படத்தை மாற்றாமல் தனியே காத்துவைத்து, அதன் படியிலேயே திருத்தங்களைச் செய்தல் வேண்டும்.

இம்மூன்றாம் படியிலேதான் பலர் வழுவி வீழ்கின்றனர். தம்பலப்பூச்சியின் செந்நிறம் இயல்பாகவே செறிவானது. இன்னும் சிவப்பாக்கினால் இன்னும் அழகாகும் என்று எண்ணி நிறத்தைக் கூட்டுவோர் உளர். கூட்டக்கூட, அதன் உடலை மூடியுள்ள மென்மயிர்களின் ஒளியும் நிழலும் மறைந்து, பூச்சி ஒரு சிவப்புத் திட்டாக மாறும். வெல்வெட்டுப் போன்ற அதன் மென்மையே நம்மை மயக்கிற்று. அம்மென்மையே படத்தினின்றும் அகன்றுவிடும். நிறத்தைச் சற்றே குறைத்தால், ஒவ்வொரு மயிரும் மீண்டும் தெரியும். ஆகவே, கண் கண்டதை நினைவிற்கொண்டு, அதனை எட்டும்வரை திருத்துதல் முறை. அதனைக் கடந்து செல்லுதல் முறையன்று.

படத்தில் படிந்த தூசியை நீக்கலாம். அது கருவியின் குற்றம். காட்சியில் இருந்த எறும்பையோ குச்சியையோ கணினியால் அழித்தலும், இல்லாத பனித்துளியைச் சேர்த்தலும் வேறு செயல்கள். அவை ஓவியம் தீட்டுதல் போன்றவை. ஓவியம் இழிந்ததன்று, ஆனால் ஓவியத்தை ஒளிப்படம் என்று கூறுதல் பொய்யாகும். குவியத்தை மாற்றிமாற்றிப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை ஒன்றாக இணைக்கும் முறையும் இன்று உண்டு. பூச்சியின் உடலை முழுவதும் தெளிவாகக் காட்ட அறிவியலாளரும் இதனைக் கையாளுகின்றனர். இதனைச் செய்வோர், இவ்வாறு செய்தோம் என்று படத்தின் கீழ் எழுதிவிடின் குறை ஒன்றும் இல்லை.

உண்மை தவறின் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் கானுயிர் ஒளிப்படப் போட்டியில், 2017-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுப் படம் ஒன்று பரிசு பெற்றது. இரவில் ஒளிவிடும் கரையான் புற்றினை நோக்கி எறும்புண்ணி ஒன்று வருவதாக அப்படம் காட்டியது. பின்னர் ஐயம் எழவே, வல்லுநர் பலர் தனித்தனியே ஆராய்ந்தனர். படத்திலுள்ள விலங்கின் மயிரும் வரிகளும் நிற்கும் நிலையும், அந்நாட்டுப் பூங்காவொன்றின் வாயிலில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த எறும்புண்ணியோடு ஒத்திருந்தன. படம் எடுத்தவர் அதனை மறுத்தார். ஆயினும் 2018-ஆம் ஆண்டில் அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது. புற்றின் ஒளி மெய்யான இயற்கை நிகழ்ச்சியே. ஆனால் விலங்கைப் பற்றிய ஐயம் படம் முழுவதையும் பற்றிக்கொண்டது. ஒரு பொய், தன் அருகிலுள்ள மெய்யையும் நம்பத்தகாததாக ஆக்கிவிடுகின்றது.

இறுதியாக, ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பு எழுதிவைத்தல் வேண்டும். தாவரத் தொகுப்பிலுள்ள தாளில் செடியின் பெயரோடு, எடுத்த இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். அவ்வாறே நாமும் நாள், நேரம், இடம், கண்ட பொருளின் அளவு, செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதுவோமாக. பெயர் தெரியாவிடில் தெரியாது என்றே எழுதலாம். அறிந்தவர் பின்னர்ச் சொல்லுவர்.

இக்குறிப்பின் மதிப்பு இன்று விளங்காமற் போகலாம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரியையும் கடலூரையும் தாக்கியபோது எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் இக்கரையைத் தாக்கிப் பெருமழை பொழிந்தது. மரம் வீழ்ந்தால் வெயில் தரையில் இறங்கும், ஈரம் உலரும், காளானும் மரவட்டையும் குறையும். வீழ்ந்த மரத்தை எண்ணலாம். சருகின் கீழ் மறைந்தனவற்றை யார் எண்ணுவர்? புயலுக்கு முன் ஒரு மாணவன் உள்ளது உள்ளபடியே எடுத்து, நாளும் இடமும் எழுதிவைத்த படம் இருப்பின், அதனை வைத்துப் பின்னுள்ளோர் ஒப்பிட்டு அறியலாம். அதே படத்தில் அவன் அழகிற்காக ஒன்றை அழித்தோ, இல்லாத ஒன்றைச் சேர்த்தோ இருப்பின், அவர்கள் அதனை நம்பித் தவறான முடிவிற்கு வருவர்.

மாணவர்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தற்க. வீட்டுக் கொல்லையிலும் பள்ளி மரத்தடியிலும் சருகு கிடக்கின்றது. முழங்காலிட்டுக் குனிந்து, சற்றே பொறுத்திருந்து பாருங்கள். கண்டதை நல்ல ஒளியில், நல்ல அமைப்பில் எடுங்கள். தெளிவு பெறும் அளவிற்குத் திருத்துங்கள். காலடியில் வாழும் அவ்வுயிர்கட்குத் தம்மைப் பற்றிச் சொல்ல வாய் இல்லை. அவற்றிற்காக நாம் சொல்லும் சாட்சி மெய்ச்சாட்சியாக இருத்தல் நம் கடமையாகும்.